அரை தவ் இறுக்கம்

எஞ்சின் வேலையில் எனக்குத் தெரிந்தது எதுவும் நான் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதல்ல. இருபத்திரண்டு வருசமாக என் புருசன் லியனார்ட் அளந்து அளந்து எண்ணைச் சொல்வார், நான் கொப்பியில் எழுதுவேன். எழுதுகிற கைக்கு எப்படியும் கொஞ்சம் விளங்கிவிடும். லிந்துலை பஜாரைத் தாண்டி நுவரெலியா ரோட்டில் எங்கள் கராஜ். எனக்கு வேலை தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் ஏழு மணிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கராஜில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, குளிரில் மூக்கு ஒழுக, இந்த எழுத்து வேலை. அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை கிடைத்தால் அன்றைக்குக் கிறிஸ்மஸ்.

அவர் எண் சொல்வது தவ் கணக்கில். ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு ஒரு தவ். தலைமுடி ஒன்றின் கனம் மூன்று தவ் வரும். ஒருமுறை என் தலையிலிருந்தே ஒன்றைப் பிடுங்கி அளந்து காட்டினார். இப்போது அந்த மாதிரி விளையாட்டுக்கெல்லாம் என் தலையில் மிச்சமில்லை.

எஞ்சினுக்குள்ளே கிரேங்க் என்று கனத்த இரும்புத் தண்டு ஒன்று சுழலும். நாலு பிஸ்டனும் நாலு கை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிடிக்கிற இடத்தில் மெல்லிய தகட்டு வளையம், அதுதான் பேரிங். வளையத்துக்கும் தண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பதுதான் கட்டுகிறவனின் கெட்டித்தனம். அந்த இடத்தில்தான் ஒயில் ஓட வேண்டும். கூடுதலாக விட்டால் ஒயில் நிற்காமல் வழிந்துபோகும், எஞ்சின் தட்டும். குறைத்து விட்டால் ஒயில் போக வழியில்லாமல் சூடேறி, தகடு கருகி, ஓடுகிற ஓட்டத்திலேயே தண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இத்தனையும் ஒரு தவ்வுக்கும் இரண்டரைக்கும் நடுவே, ஒரு முடியின் கனத்துக்குள்ளே நடக்கிற சமாச்சாரம். “புருசன் பொண்டாட்டிக்கு நடுவுலயும் இப்படித்தான் டோரீன், கொஞ்சம் எடம் விடணும்” என்று ஒரு நாள் தத்துவம் பேசினார். “அப்ப போய் கராஜுல படுங்க” என்றேன். அதற்குப் பிறகு பேசவில்லை.

ஜெரோமி என் தம்பி. அம்மா சாகும்போது அவனுக்கு நாலு வயது, எனக்கு இருபத்திரண்டு. கல்யாணத்தில் நான் கொண்டுபோன சீதனம் அவன்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவனைத் தம்பி என்று சொல்வதெல்லாம் ஊருக்காக. இப்போது கொழுந்து லொறி ஓட்டுகிறான், தலவாக்கலையில் தனியாக வீடு எடுத்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அந்த ஒரு நேரச் சாப்பாட்டுக்காகத்தான் நான் கிழமை முழுக்கச் சந்தையில் மீன் விசாரிக்கிறேன்.

அவனுக்குப் பைத்தியம் ஒன்றுதான். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கிற மலையேற்றக் கார் ஓட்டம். சின்ன வயதில் வேலியில் ஏறிப் பார்த்தவன், வளர்ந்து ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி, மச்சான் லியனார்டை எஞ்சின் கட்டச் சொன்னான். இரண்டு வருசத்துக்கு முன்னால் அந்தக் கார் மூன்றாவது வளைவில், முழு வேகத்தில், எஞ்சின் இறுக்கிப் பிடித்துப் பின் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு, சுற்றிப்போய்க் கல் மதிலில் அடித்தது. ஜெரோமியின் வலது கால் தொடையில் இரண்டாக உடைந்தது. கம்பி வைத்திருக்கிறார்கள். குளிருக்கு இன்றைக்கும் நொண்டுகிறான்.

ஏன் பிடித்தது என்பதற்கு ஊரில் ஒரே பதில்தான், அதைச் சொன்னதும் ஜெரோமிதான். மூன்றிலிருந்து நாலுக்குப் போட வேண்டிய கியரை இரண்டில் போட்டுவிட்டேன், எஞ்சின் தாங்காமல் போய்விட்டது என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்ததும் அவனாகவே சொன்னான். இந்தக் கையை நம்பி இனி ஓட்டத்துக்குப் போகமாட்டேன் என்று இரண்டு வருசம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தான். லொறி ஓட்டும்போதுகூடக் கியர் மாற்றுமுன் கையைக் குனிந்து பார்ப்பான். மலை ரோட்டில் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது.

இந்த ஜனவரியில் ஒரு ஞாயிறு, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, “மச்சான், இன்னொரு வாட்டி கட்டித் தர்றீங்களா?” என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். இரண்டு வருசத்துக்குப் பிறகு அவன் எதையோ ஒன்றை வேண்டும் என்று கேட்கிறான். லியனார்ட் தட்டைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார்.

பேரிங்குக்கு எவ்வளவு இடம் விடுவது என்ற பேச்சு கிரேங்க் வந்த அன்று வந்தது.

“போன தடவ மாதிரியே ஒன்றரை விட்டுக் கட்டுங்க மச்சான்” என்றான் ஜெரோமி. “ஒயில் பிரஷர் ஊசி ஆடாம நின்னுச்சு. எஞ்சின்ல ஒரு கொறையும் இல்ல. கொற இதுலதான்.” இடது கையைத் தூக்கிக் காட்டினான்.

“ரெண்டு” என்றார் லியனார்ட்.

“ரெண்டு விட்டா காலையில ஸ்டார்ட் பண்றப்ப தட்டுமே. ஊசியும் எறங்கும். பாக்குறவங்க சிரிப்பாங்க.”

அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. இந்தப் பக்கத்து லொறிக்காரர்களுக்கு எஞ்சினைப் பற்றி இரண்டே அளவுகோல். குளிர் காலையில் சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆக வேண்டும், மலை இறங்கி நிற்கும்போது ஒயில் ஊசி விழக்கூடாது. இரண்டில் ஒன்று தவறினால் கட்டியவனுக்குக் கை தெரியாது என்று பெயர் வைத்துவிடுவார்கள். லியனார்ட் இத்தனை வருசமும் அவர்களுக்காக இறுக்கமாகக் கட்டியே பெயர் வாங்கியவர்.

“சிரிச்சா சிரிக்கட்டும்” என்றார். “ஒன்றரை, பூசைக்குப் போய்ட்டு வர்ற காருக்கு. நிமிசத்துக்கு எட்டாயிரம் சுத்து சுத்துற எஞ்சினுக்கு ரெண்டுக்குக் கீழ போடமாட்டேன்.”

“போன தடவையும் எட்டாயிரம்தானே சுத்துச்சு. அப்ப ஏன் ஒன்றரை போட்டீங்க?” என்று நான் கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன், குத்திக்காட்ட அல்ல.

“எழுதுறத மட்டும் எழுது” என்றார்.

ஜெரோமி முன்னால் என்னை அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் உப்பைக் குறைத்துப் போட்டு ஆற்றிக்கொண்டேன். அவர் கவனிக்கவேயில்லை.

பெப்ரவரி கடைசியில் அளவு எடுத்தோம். லியனார்டுக்குக் கை நடுங்காத நேரம் விடியற்காலைதான். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த காலத்திலிருந்தே விரல் மூட்டுகளில் வலி. தவ் அளக்கிற இரும்புக் கருவி மைக்ரோமீட்டர், குளிரில் அதைத் தொட்டால் பனிக்கட்டியைப் பிடித்த மாதிரி எரியும் என்பார். அதற்காக நான் ஒரு கிறிஸ்மஸுக்கு அவர் கம்பளி ஸ்வெட்டருக்கு உள்பக்கமாக, நெஞ்சோடு ஒட்டி, ஒரு பை பின்னிக் கொடுத்தேன். எழுந்ததும் மைக்ரோமீட்டரை அதற்குள் போட்டுக்கொள்வார். கையில் எடுக்கும்போது வெதுவெதுப்பாக இருக்கும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. உறைந்துபோகும் என்று தேங்காய் எண்ணெய்ப் போத்தலையே மடியில் வைத்துக்கொள்கிற ஊர் இது.

அவர் வழக்கம் இதுதான். காலையில் கிரேங்கை அளப்பார். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், மைக்ரோமீட்டர் மேசையில் கிடக்கும். மத்தியானம் பேரிங் வளையத்தின் உள்பக்கத்தை அளக்கிற, கடிகாரம் மாதிரி முள் வைத்த கருவியை அந்த மைக்ரோமீட்டரை வைத்தே பூஜ்ஜியம் பிடித்து, வளையத்தை அளப்பார். நான் பிள்ளைக் காம்பராவிலிருந்து சாப்பிட வரும்போது அதையும் எழுதுவேன். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இடைவெளி. நாலு இடத்திலும் இரண்டு தவ், நூல் பிடித்த மாதிரி வந்தது. நடுவில் வைத்து நசுக்கிப் பார்க்கிற மெழுகு நூல் ஒன்று கடையில் விற்கிறார்கள். அதையும் வைத்துப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். அதெல்லாம் கை தெரியாதவனுக்கு என்றார்.

எஞ்சினைக் கட்டி, காரில் ஏற்றியாயிற்று. ஞாயிறு பூசை முடிந்து ஜெரோமி வந்து சாவி போடுவது என்று பேச்சு. ஓட்டத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

அதற்கு முந்திய சனிக்கிழமைக் காலை. லியனார்ட் குளிக்கப் போனார். நான் ஸ்வெட்டரைத் துவைக்க எடுத்தேன். பையில் மைக்ரோமீட்டர் அப்படியே இருந்தது, கோழி எழுந்துபோன முட்டை மாதிரிச் சூடாக. பெட்டியில் வைக்கப் போனேன். பெட்டிக்குள் சரியாக ஓர் அங்குலத்துக்குக் கடைந்த இரும்புக் கட்டை ஒன்று உண்டு, மைக்ரோமீட்டர் சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பதற்கு. முன்பெல்லாம் அவர் தினமும் பார்ப்பார். பிறகு, இது என் கையோடு பழகியது என்று விட்டுவிட்டார். எனக்கு எப்போதும் பெட்டியில் வைக்குமுன் ஒருமுறை பார்க்கிற பழக்கம். பார்த்தேன். கால் தவ் குறைத்துக் காட்டியது.

கீழே போட்டுவிட்டாரோ என்று பயந்தேன். அவரிடம் கேட்டால் நான்தான் போட்டேன் என்பார். பேசாமல் அதை அலுமாரி மேல் வைத்துவிட்டு ஸ்வெட்டரைத் துவைத்துக் காயப்போட்டு, அரை மணி கழித்துத் திரும்ப அளந்தேன். சரியாகக் காட்டியது. நின்று யோசித்தேன். பிறகு மைக்ரோமீட்டரை என் ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டு தேத்தண்ணி போட்டேன், குடித்தேன், எடுத்து அளந்தேன். மறுபடியும் கால் தவ் குறைவு.

ஜேம் போத்தல் மூடி திறக்காவிட்டால் சுடுதண்ணீரில் பிடிப்போம், மூடி விரிந்து இளகும். அதுதான் இது. நெஞ்சுச் சூட்டில் மைக்ரோமீட்டர் விரிந்துவிடுகிறது. விரிந்த கருவி குளிர்ந்த இரும்பை அளந்தால், இருப்பதைவிட ஒல்லி என்று சொல்லும். ஓர் அங்குலக் கட்டைக்குக் கால் தவ். கிரேங்க் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு கனம், அப்போது அரை தவ். மத்தியானம் வளையத்தை அளக்கும்போதோ மைக்ரோமீட்டர் ஆறிப்போய்ச் சரியாகச் சொல்கிறது. கிரேங்க் நாங்கள் எழுதியதைவிடத் தடிப்பு, வளையம் எழுதியபடியே. இரண்டு தவ் இடம் விட்டிருக்கிறோம் என்று நினைத்த எஞ்சினில் இருப்பது ஒன்றரை.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு ஒன்றரையானதற்காக அல்ல. அதைக் கழற்றி மாற்றலாம், கொஞ்சம் தளர்ந்த பேரிங் கடையில் கிடைக்கும், மூன்று நாள் வேலை. நான் அந்தப் பையைப் பின்னியது போன எஞ்சினைக் கட்டுவதற்கு முந்திய கிறிஸ்மஸுக்கு. அப்படியென்றால் அப்போது ஒன்றரை என்று நான் கொப்பியில் எழுதியது உண்மையில் ஒரு தவ்தான். எட்டாயிரம் சுற்றும் எஞ்சினுக்கு ஒரு தவ். அந்தக் கார் பிடிக்காமல் வேறு என்ன செய்யும். என் தம்பியின் கால் உடைந்தது அவன் கையால் இல்லை, நான் பின்னிய பையால். அவருக்கு விரல் வலிக்குமே என்று பார்த்துப் பார்த்துப் பின்னிய பை.

லியனார்ட் தலை துவட்டிக்கொண்டு வந்தார். சொன்னேன். முதலில் எனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்றார். பிறகு அவரே சூடாக்கி அளந்தார், ஆறவைத்து அளந்தார். மூன்று முறை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைப் பார்த்தபடி நின்றார். அந்த முகத்தில் நான் எதிர்பார்த்த அதிர்ச்சி இல்லை. ஏதோ ஒரு கணக்கு சரிவந்த மாதிரி இருந்தது. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

“நாளைக்கு ஸ்டார்ட் பண்ண வேணாம்” என்றார். “ஒயில் சீல் ஒழுகுதுன்னு சொல்லிக் கழட்டிடுறேன்.”

“ஜெரோமிகிட்ட சொல்லணும்ங்க.”

“என்னத்த சொல்ல?”

“போன எஞ்சினும் இப்படித்தான்னு.”

“சொன்னா அவன் காலு நேராயிருமா?” குரல் எழவில்லை, களைத்துத்தான் பேசினார். “ஞாயித்துக்கெழம ஒரு நேரம் வந்து சாப்புட்டுப் போறான். நமக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான் டோரீன். அதையும் கெடுத்துக்காத.”

எனக்கும் அந்தப் பயம்தான். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அதை எனக்கே சொல்லிக்கொண்டிருப்பேன். பிள்ளைக் காம்பராவுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். அன்றைக்கு அங்கே பதினொரு பிள்ளைகள். எல்லாம் ஒரே நேரத்தில் அழுதன. அழட்டும் என்று விட்டேன். எதற்கும் உடம்பில் தெம்பு இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து ஜெரோமி நேரே கராஜுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, முகத்தில் பவுடர், கையில் கோயிலில் வாங்கிய தீர்த்தப் போத்தல். எஞ்சின் மேல் தெளித்துவிட்டுச் சாவி போட வேண்டுமாம். தவக்காலம், அதனால் மீன்தானே அக்கா என்று என்னைக் கேட்டுச் சிரித்தான்.

“இன்னைக்கு முடியாது” என்றார் லியனார்ட். “பின் சீல்ல ஒயில் ஒழுகுது. எஞ்சின எறக்கணும். ஒரு கெழம ஆகும்.”

ஜெரோமியின் முகம் வாடியது, ஆனால் ஒரு கணம்தான். “சரி மச்சான். ஒங்களுக்குத் தெரியாததா. நல்லதுக்குத்தான், எனக்கும் பழக நேரம் கெடைக்கும்” என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். “அக்கா, இப்ப நான் லொறியில கியர் போடுறப்ப வாய் விட்டுச் சொல்லிப் போடுறேன். மூணு, நாலு. மூணு, நாலுன்னு. பொகவந்தலாவ ரோட்டு முழுக்க. பக்கத்துல இருக்கிறவன் எனக்கு மறை கழண்டுருச்சுன்னு நெனக்கிறான். ஆனா சொல்லிக்கிட்டே போட்டா கை மாறாதுக்கா. இந்த வாட்டி மாறாது.”

முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, கையை நீட்டி எனக்குச் செய்து காட்டினான். மூணு, நாலு.

“நீ கியரத் தப்பாப் போடலடா” என்றேன்.

லியனார்ட் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் சொல்லி முடித்தேன். பையைச் சொன்னேன், சூட்டைச் சொன்னேன், அரை தவ்வைச் சொன்னேன். இந்த எஞ்சினையும் போன எஞ்சினையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே யாரோ கூலி கொடுத்துப் பேசவைத்த மாதிரி இருந்தது. அழவில்லை. அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

ஜெரோமி வலது காலை நீட்டியபடி மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தான். போத்தலைத் தரையில் வைத்தான்.

“அப்ப நான் நாலுலதான் போட்டேனா?”

“நாலுலதான்டா.”

“எனக்கு நாலுல போட்டதா ஒரு ஞாபகம் இருந்துச்சுக்கா. ஆஸ்பத்திரியிலயும் இருந்துச்சு. ஆனா மச்சான் கட்டுன எஞ்சின் அப்படிப் பிடிக்காதே. அதனால நான்தான் தப்பா ஞாபகம் வச்சிருக்கேன்னு நெனச்சிக்கிட்டேன்.” இடது கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். கோபமே இல்லை அவனிடம். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு லியனார்டைக் கேட்டான், “நேத்துத்தான் தெரிஞ்சுதா மச்சான்?”

“நேத்துத்தான்டா, நான்தான் கண்டுபிடிச்சு…” என்று நான் ஆரம்பித்தேன்.

“பையோட விசயம் நேத்துத்தான்” என்றார் லியனார்ட். கையில் ஒரு துணியை வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். “இறுக்கத்தாலதான் பிடிச்சுதுன்னு அன்னைக்கே தெரியும்.”

“என்னைக்கு?”

“எஞ்சினக் கழட்டுன அன்னைக்கு. கியர் மாறி விழுந்திருந்தா எஞ்சின் அளவுக்கு மீறிச் சுத்தி வால்வு வளைஞ்சிருக்கும். ஒரு வால்வும் வளையல. பேரிங் நாலும் ஒரே மாதிரி கருகிக் கெடந்துச்சு. நான் ஒன்றரை விட்டதுதான் தப்புன்னு நெனச்சேன். அதான் இந்த வாட்டி ரெண்டு.”

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருசம் அவர் சொன்னதையெல்லாம் எழுதியவள் நான். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை.

“ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தீங்களே” என்றான் ஜெரோமி. “கழட்டிட்டு வந்தீங்களா, அதுக்கு முன்னாடி வந்தீங்களா?”

“கழட்டிட்டுத்தான்.”

“நான் ஒங்களக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஒங்க எஞ்சின ஒடச்சிட்டேன், என்னைய மன்னிச்சிருங்கன்னு. அக்கா அப்ப மருந்தெடுக்கக் கீழ போயிருந்துச்சு. நீங்க என் தலையத் தடவுனீங்க. மன்னிச்சிட்டேன், விடுன்னு சொன்னீங்க.”

லியனார்ட் துணியை மேசையில் வைத்தார். அது நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

“சாமியார்கிட்ட சொல்லிட்டேன்டா” என்றார். “அந்த வருசமே, பாவசங்கீர்த்தனத்துல. ரெண்டு தடவ சொல்லிட்டேன்.”

“சாமியார் கால்ல கம்பி இல்ல மச்சான்.”

அவன் சத்தமாகச் சொல்லவில்லை. வெளியே ரோட்டில் தலவாக்கலை பஸ் ஒன்று ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போனது. லியனார்ட் நின்ற இடத்திலேயே வயதாகிப் போன மாதிரி நின்றார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வேறு நாளாக இருந்தால் வந்திருக்கும்.

ஜெரோமி என் பக்கம் திரும்பினான்.

“அக்கா, ஒனக்குத் தெரியுமா?”

“தெரியாதுடா. சத்தியமா நேத்துவரைக்கும் தெரியாது.”

நம்புவதா வேண்டாமா என்று யோசித்து அவன் என்னைப் பார்த்தான். நாலு வயதிலிருந்து என் கையால் சாப்பிட்ட பிள்ளை, ஒரு நாள்கூட என் பேச்சைச் சந்தேகித்ததில்லை. முந்தின நாள் எனக்குத் தெரிந்தும், அவன் போத்தலோடு சிரித்துக்கொண்டு உள்ளே வந்தபோதும் நான் வாயைத் திறக்கவில்லை, சீல் ஒழுகுகிறது என்று அவர் சொன்னபோது பக்கத்தில்தான் நின்றேன். அவன் அதையெல்லாம் கணக்குப் பார்க்கிறான் என்று தெரிந்தது. பார்க்கட்டும் என்று முகத்தைத் திருப்பாமல் நின்றேன், அவன் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தான்.